கொடி வாடினால் கடை வாடுமா?

சென்ற மாதம் சங்கச் சந்தா வசூலுக்காகக் கமிட்டி நண்பர்கள் இருவருடன் கடைவீதியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து வந்தேன். மளிகைக் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை, செல்போன் ரிப்பேர் கடை என்று எந்தக் கடையில் ஏறினாலும் ஒரு காட்சி மட்டும் மாறவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில், அதில் பாதித் தண்ணீர், அதிலிருந்து கிளம்பிச் சாமி படத்தைச் சுற்றிக் கொண்டு போகும் ஒரு மணி பிளாண்ட் கொடி. சில கடைகளில் அதற்குத் துணையாகச் சிவப்பு நாடா கட்டிய 'லக்கி பாம்பூ' வேறு.

ஒரு கடையில் சந்தாப் பணத்தை எண்ணிக் கொண்டிருந்த முதலாளி, எங்கள் கண் கொடியின் பக்கம் போவதைப் பார்த்ததும் அதில் பழுத்திருந்த ஓர் இலையைச் சட்டென்று கிள்ளிக் கைக்குள் மறைத்துக் கொண்டார். "இலை பழுத்தால் பணம் முடங்கும் என்கிறார்களே அண்ணாச்சி" என்றார் மெதுவாக. முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவர். கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார். அந்தப் பயம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். அடியேன் தெய்வ நம்பிக்கை உள்ளவன். இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் தராசைத் தொடுகிறேன். கடவுளைப் பற்றியோ, அவரவர் சமயத்தைப் பற்றியோ இங்கே நான் பேச வரவில்லை. ஒரு கொடிக்கும் நம் கல்லாவுக்கும் என்ன சம்பந்தம், அந்தச் சம்பந்தத்தை நம்புவதால் நமக்கு வருவது லாபமா நஷ்டமா என்ற கணக்கை மட்டும் பார்க்கலாம். கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்லவே!

பெயரால் வந்த பெருமை

இந்தக் கொடியின் பூர்வீகம் நம் நாடு அல்ல. பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்ற சின்னஞ்சிறு தீவுதான் இதன் சொந்த ஊர். தாவர நூலார் இதை எபிப்ரெம்னம் ஆரியம் என்கிறார்கள். 1880-ஆம் ஆண்டில்தான் இதைப் பற்றி முதன்முதலாக எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு கப்பலேறி உலகம் முழுவதும் பரவி விட்டது. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கடைகளில் இது கிடையாது. நம் சாஸ்திரங்களில் இதற்கு இடம் இருக்கவும் வழியில்லை. 'தென்கிழக்கு மூலையில் மணி பிளாண்ட் வைக்க வேண்டும்' என்று பழைய ஏட்டில் எழுதியிருப்பதாக யாராவது சொன்னால், 'அந்த ஏடு எழுதிய காலத்தில் இந்தச் செடி எந்தத் தீவில் இருந்தது?' என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இதற்கு 'மணி' என்று பெயர் வந்ததால்தான் பணம் தரும் என்ற நம்பிக்கையும் வந்தது. அதே கொடிக்கு மேல்நாட்டில் 'பிசாசுக் கொடி' என்று பொருள்படும் இன்னொரு பெயர் உண்டு. வெட்டினாலும் சாகாது, இருட்டில் போட்டாலும் பச்சை மாறாது என்பதால் அப்படி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். நம் ஊருக்கு அந்தப் பெயரோடு வந்திருந்தால் ஒரு வியாபாரியாவது இதைக் கல்லாப் பக்கம் விட்டிருப்பாரா? சரக்கு ஒன்றுதான், லேபிள்தான் வேறு. லேபிளை மாற்றினால் விலை மாறும் என்பது நமக்குத் தெரியாத வியாபாரமா?

இன்னொரு விசேஷமும் இதில் உண்டு. இந்தக் கொடி பூப்பதே இல்லை என்று சொல்லலாம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஊக்கிப் பொருளை இதனால் தானே தயாரித்துக் கொள்ள முடியவில்லை என்பதை 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அந்தப் பொருளை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. பூ இல்லை என்றால் விதை இல்லை. விதை இல்லாததால், ஒரு கொடியை வெட்டித்தான் இன்னொரு கொடியை உண்டாக்க வேண்டும். அப்படியானால் நம் கடைவீதியில் உள்ள கொடிகளெல்லாம் ஒரே பழைய கொடியின் துண்டுகள் போலத்தான். கொழித்து நடக்கும் கடையில் இருப்பதும், ஷட்டர் இறக்கிவிட்டு வாடகை பாக்கியோடு போனவர் விட்டுச் சென்றதும் அதே கொடிதான். இரண்டு கடையிலும் ஒரே சரக்கு இருந்து, ஒருவருக்கு லாபமும் ஒருவருக்கு நஷ்டமும் வந்தால், காரணத்தைச் சரக்கில் தேடுவோமா, வேறு இடத்தில் தேடுவோமா?

திருட்டுக் கொடி

மணி பிளாண்டை விலை கொடுத்து வாங்கக் கூடாது, கேட்டும் வாங்கக் கூடாது, அடுத்தவர் வீட்டிலிருந்து தெரியாமல் ஒடித்து வந்தால்தான் செழிக்கும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எடைக்கல்லுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறோம். வாடிக்கையாளர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்துக் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட நாம், செல்வத்தை வரவேற்கும் முதல் காரியத்தை ஒரு சின்னத் திருட்டில் தொடங்கலாமா?

திருடிய கொடி நன்றாக வளர்கிறது என்பது பல சமயம் உண்மைதான். காரணம் எளிது. ஒடிக்கப் போகிறவன் வாடிய கொடியை ஒடிப்பதில்லை. நன்றாகத் தழைத்த கொடியில் கணுவோடு சேர்த்து ஒடிக்கிறான். கணு இருந்தால் தண்ணீரில் போட்டாலே வேர் விடும். காசு கொடுத்து வாங்கியவனோ அதற்குச் செல்லம் கொடுத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைக்கிறான். கேட்டு வாங்கிய கொடியும் கணுவோடு இருந்தால் அதே போல்தான் வளரும். சந்தேகம் உள்ளவர்கள் என் கடைக்கு வாருங்கள். கேட்டே வாங்கிச் செல்லுங்கள்.

எல்லா நம்பிக்கையும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கொடியைக் கீழே தொங்க விடாதே, மேலே ஏற்று என்பார்கள். செடி வளர்ப்பவர்கள் சொல்வதும் அதுதான். பற்றுக்கோல் கொடுத்து மேலே ஏற்றினால் இலை பெரிதாகும், தொங்க விட்டால் சிறுத்துப் போகும். காட்டில் மரத்தைப் பற்றி ஏறும்போது இதன் ஒரு இலை முழ நீளத்துக்கு மேலும் வளரும். ஆனால் அது கொடியின் வளர்ச்சி. அதைக் கடையின் வளர்ச்சியாக எடுத்துக் கொள்வதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

வியாபாரிக்கு மட்டும் ஏன்?

மாதச் சம்பளக்காரரை விட வியாபாரிக்கு ராசி, சகுனம், திருஷ்டி எல்லாம் அதிகம் என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. காரணத்தைப் புரிந்து கொண்டால் போதும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற அறிஞர் நியூகினிக்குக் கிழக்கே உள்ள திரோபிரியாண்டு தீவுகளில் தங்கி அங்குள்ள மீனவர்களைக் கவனித்தார். அலையில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது அவர்கள் எந்த மந்திரமும் செய்வதில்லை. அங்கே மீன் கிடைப்பது நிச்சயம், ஆபத்தும் இல்லை. அதே ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்கு, மந்திரம் எல்லாம் செய்தார்கள். அங்கே மீனும் நிச்சயமில்லை, உயிரும் நிச்சயமில்லை. எங்கே மனிதனுடைய திறமைக்கு எல்லை வந்து விடுகிறதோ, அங்கே சடங்கு புகுந்து கொள்கிறது என்றார் அவர்.

நம் தொழிலும் ஆழ்கடல்தான். நேற்று நூறு பேர் ஏறிய கடையில் இன்று பத்துப் பேர். காலையில் கொள்முதல் செய்த சரக்கு மாலையில் விலை இறங்குகிறது. மழை ஒரு வாரம் முன்பின் ஆனாலும் வத்தல் விலை வேறு. 2016 நவம்பரில் ஒரே இரவில் நோட்டுச் செல்லாமல் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020-இல் மாதக்கணக்கில் கடையைப் பூட்டி வைத்திருந்தோம். இப்போது செல்போனில் ஆர்டர் செய்தால் சரக்கு வீடு தேடிப் போகிறது. இத்தனைக்கும் நடுவில் நிற்கிற ஒருவன், கைக்கு எட்டிய ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கொள்ள நினைப்பது இயற்கை. அது கொடியாகவும் இருக்கலாம்.

எது ஆபத்து என்றால், தற்செயலாக நடந்ததைக் காரணமாக்கிக் கொள்வதுதான். 1948-இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலார் பசியோடு இருந்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேர இடைவெளியில் தானாகத் தீனி விழும்படி ஏற்பாடு செய்தார். தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாக ஒரு சுற்றுச் சுற்றிய புறா, சுற்றினால்தான் தீனி வரும் என்பது போலத் திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டிக் கொண்டே இருந்தது. தீனி அதன் பாட்டுக்குத்தான் விழுந்தது. கொடி வைத்த வாரத்தில் தீபாவளி வியாபாரம் வந்தால், கொடிதான் வியாபாரத்தைக் கொண்டு வந்தது என்று நாம் நினைப்பதும் இப்படித்தான்.

என் கடையில் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் தவறைச் சொல்லி விடுவது முறை.

1998-ஆம் ஆண்டு. எங்கள் மளிகைக் கடை வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் மணி பிளாண்ட் வைத்திருந்தேன். என் தகப்பனார் காலமான பிறகு நான் தனியாகப் பொறுப்பேற்ற வருஷம் வைத்தது. கூரையைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கொடியைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்குக் கேட்பானேன்" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்த வருஷ மழையில் கொடி வாட ஆரம்பித்தது. இலையின் ஓரமெல்லாம் கருகிப் பத்தே நாளில் முக்கால்வாசி உதிர்ந்து விட்டது. அதே மாதம் எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுத்துக் கொண்டிருந்த ஹோட்டல்காரர் ஒருவர் 46,000 ரூபாய் பாக்கியோடு ஊரை விட்டே போய்விட்டார். பின்கட்டில் வைத்திருந்த 11 மூட்டை வத்தல் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. யாரோ சொல்ல, ராசி பலன் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்து விட்டு, "செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?" என்று கேட்டார்.

ஊற்றியது எங்கள் கடைப் பையன். அப்போது அவனுக்கு 19 வயது இருக்கும். நாலு வருஷமாக எங்களிடம் இருந்தான். பொட்டலம் கட்டுவதில் அவன் கை போல வராது. எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு, எந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை ஆகாது என்று எல்லாம் தெரியும். "அவன் கைக்கு ராசி இல்லை" என்றார் வந்தவர். நான் மறுநாளே கணக்கை முடித்து அவனை அனுப்பி விட்டேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. போகும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் நின்று கேட்கவில்லை.

அவன் அடுத்த தெருவில் இன்னொரு கடையில் சேர்ந்தான். தை பிறப்பதற்குள் எங்கள் மாதச் சிட்டைக் குடும்பங்களில் 30 குடும்பங்கள் அந்தக் கடைக்குப் போய்விட்டன. நான் அதற்கும் திருஷ்டி என்றே பெயர் வைத்தேன். வாசலில் புதுக் கொடி வைத்தேன். அதுவும் கருகியது.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அதற்குள் சொந்தக் கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஆளாகி விட்டான். இனி அவர் என்றே எழுதுகிறேன், அதுதான் மரியாதை. தயங்கித் தயங்கி நான் பழைய பேச்சை எடுத்தேன். அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, மழைக்கு உப்பு மூட்டை கசிஞ்சு தண்ணி பூரா தொட்டிக்குள்ள போச்சு. மூட்டையை நகத்தி வைப்போம்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். நீங்க காதுல வாங்கலை. போற அன்னைக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பு விற்கிறவனுக்கு, உப்புத் தண்ணீர் பட்டால் செடி கருகும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் ராசி என்று ஒரு பதில் கையில் இருந்ததால் நான் கீழே குனிந்து தொட்டியைப் பார்க்கவே இல்லை. ஹோட்டல்காரருக்குத் தவணை தாண்டியும் கடன் கொடுத்தது நான். வத்தல் மூட்டைக்கு அடியில் கட்டை போடாமல் வெறும் தரையில் அடுக்கியது நான். மூன்றுக்கும் பழியைச் சுமந்து கொண்டு போனது, சொல்லவேண்டியதைச் சொன்ன ஒரே ஆள்.

46,000 ரூபாயும் வத்தல் மூட்டையும் பெரிய நஷ்டம் என்று நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் அவரை இழந்ததுதான் பெரிய நஷ்டம். அதை விடப் பெரிது, தீபாவளிக்கு முன்பு ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நான் திரும்பிக் கொண்டது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரும் நம் சங்கத்தில் உறுப்பினர்தான். அவர் கடையிலும் மணி பிளாண்ட் இருக்கிறது, உப்பு மூட்டைக்கு எட்டடி தள்ளி!

மூங்கில் அல்லாத மூங்கில்

இப்போது பரிசுப் பொருள் கடைகளில் அதிகம் விற்கிற லக்கி பாம்பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரில் மூங்கில் இருந்தாலும் அது மூங்கில் இனமே அல்ல. டிராசீனா என்ற வகைச் செடி, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சீனர்களும் தைவான்காரர்களும் அதை வளைத்து, அடுக்கி, நாடா கட்டி உலகம் முழுவதும் விற்றார்கள். மூன்று தண்டு என்றால் ஒரு பலன், ஐந்து என்றால் ஒரு பலன். நாலு தண்டு மட்டும் ஆகாது, ஏனென்றால் சீன மொழியில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அந்த மொழி தெரியாத நம் ஊர்க் கடைக்காரரும் நாலு தண்டு வேண்டாம் என்கிறார். ஒரு மொழியின் சத்தத்துக்குள் இருக்கிற பயத்தை இன்னொரு மொழிக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார்! விற்றவருடைய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அதிர்ஷ்டத்தில் நிச்சயமாக லாபம் பார்த்தவர் அவர்தான்.

இதில் சிரித்து விட்டுப் போக முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. 2001-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் வந்த லக்கி பாம்பூவை, வழியில் வாடாமலிருக்கத் தண்ணீரில் நிற்க வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தண்ணீரோடு ஆசியப் புலிக் கொசுவும் போய் இறங்கியது. டெங்குவைப் பரப்பக்கூடிய கொசு அது. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் சாக்கடையை விடச் சுத்தமான தேங்கிய தண்ணீரைத்தான் தேடி வரும். நம் கல்லாப் பக்கத்துக் கண்ணாடிப் பாட்டில் அதற்குத் தோதான இடம். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 'அதிர்ஷ்டச் செடியின் தண்ணீரைக் கொட்டக் கூடாது, வற்ற வற்ற ஊற்ற வேண்டும்' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் கடையில் நிற்கிற நாமும், நம் ஊழியர்களும், பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வருகிற பிள்ளைகளும்தான் முதலில் கடிபடுவோம். இந்தக் கொசு பகலில் கடிப்பது.

இன்னொன்று. மணி பிளாண்ட், சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு மூன்றும் ஒரே குடும்பம். காறல் கருணையை நறுக்கினால் கை அரிப்பது போலவே, மணி பிளாண்ட் இலையைக் குழந்தைகள் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் அதில் உண்டு. தவழும் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

'இது காற்றைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்த சோதனையில் சில செடிகள் நச்சு வாயுவைக் குறைத்தது உண்மை. ஆனால் 2019-இல் இது போன்ற பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், சாதாரணக் கட்டடத்தில் கதவு ஜன்னல் வழியே வந்து போகும் காற்றுக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்றார்கள். அவ்வளவு செடி வைத்தால் சரக்கை எங்கே வைப்பது?

நம் பழக்கங்களில் நல்லதும் கெட்டதும்

நம் முன்னோர் படியால் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அளப்பவர் மனத்துக்கும் கேட்பவர் காதுக்கும் நிறைவாக இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கம் இருந்து விட்டுப் போகட்டும். கற்றாழையை வாசலில் தலைகீழாகக் கட்டுகிறோம். மண்ணில்லாமல் உயிரோடு இருப்பது அதிசயம் என்கிறோம். அது தன் சதைக்குள்ளே தண்ணீர் சேமித்து வைத்திருக்கிறது. ஆகாச கருடன் கிழங்கு அந்தரத்தில் தொங்கியபடியே துளிர்ப்பதும், கிழங்கில் இருக்கும் சேமிப்பை எடுத்துத்தான். இரண்டுமே நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: கெட்ட காலத்தில் தாக்குப் பிடிப்பது கையிருப்பு உள்ளவன்தான்.

ஆனால் திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்கும்போது கணக்கு மாறுகிறது. அதில் சறுக்கி விழுகிற இரு சக்கர வண்டிக்காரரும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை, யாரோ ஒரு கடையின் வாடிக்கையாளர். நம் திருஷ்டியைக் கழிக்க அடுத்தவர் எலும்பை முறிக்கலாமா? போணி ஆகவில்லை என்று முதலில் வந்த ஏழையிடம் முகத்தைச் சுளிப்பது, கணவரை இழந்த பெண்மணி கையால் போணி வேண்டாம் என்று காக்க வைப்பது, சரக்கு விலை இறங்கியதற்கு ஊழியர் வந்த நேரத்தைக் குறை சொல்வது, இவையெல்லாம் அதே வகைதான். நான் செய்ததும் அதே வகைதான்.

எனக்குத் தெரிந்த அளவுகோல் இது: ஒரு நம்பிக்கை என்னைச் சுறுசுறுப்பாக்கினால் வைத்துக் கொள்கிறேன். என்னைச் சோம்பலாக்கினாலோ, அதன் செலவை வேறொருவர் தலையில் கட்டினாலோ விட்டு விடுகிறேன்.

சில யோசனைகள்

அப்படியானால் கொடியைப் பிடுங்கி எறிய வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கோடை வெயிலில் ஏறி வருகிற வாடிக்கையாளருக்குக் கல்லாப் பக்கம் ஒரு பச்சை இலை தெரிவது நல்லதுதான். வாடாத செடி இருக்கிற கடையில் முதலாளி கவனமாக இருக்கிறார் என்று பார்ப்பவர்கள் எடுத்துக் கொள்வார்கள். அந்த நல்ல பெயர் நம் வேலைக்குக் கிடைத்தது.

1. கொடியைக் கேட்டு வாங்குங்கள், கேட்டவருக்குக் கொடுங்கள். கணுவோடு வெட்டிக் கொடுங்கள்.

2. பாட்டில் தண்ணீரை வாரம் ஒரு முறை, கடை விடுமுறைக்கு முந்திய இரவு, முழுவதும் கொட்டுங்கள். உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை கண்ணாடியில் ஒட்டிக் கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது. முடிந்தால் பாட்டிலை விட்டு மண் தொட்டிக்கு மாற்றி, அடித் தட்டில் நீர் தேங்காமல் பாருங்கள்.

3. இலை பழுத்தால் வெளிச்சம், தண்ணீர், உப்பு, எறும்பு மருந்து, குளிர்சாதனக் காற்று என்று வரிசையாகப் பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை பழுத்து விழுவது இயற்கை.

4. வியாபாரம் வாடினாலும் அதே போல வரிசையாகப் பாருங்கள். கொள்முதல் விலை, தேங்கிய சரக்கு, வராத பாக்கி, வராமல் போன வாடிக்கையாளர். கடைசியில் சொன்னவரை நேரில் பார்த்தே கேட்டு விடுங்கள். பெரும்பாலும் பதில் சொல்வார்.

5. ராசி பார்க்க ஆகும் செலவைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள். ஆண்டுக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். நான் ஒரு வருஷம் அப்படிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு தீபாவளி போனஸ் கொடுத்திருக்கலாம்.

6. ஊழியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தரையைப் பெருக்குகிறவருக்குத்தான் எந்த மூட்டை கசிகிறது என்று முதலில் தெரியும்.

இப்போதும் என் கடை வாசலில் கொடி இருக்கிறது. காலையில் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்றி முடித்ததும் உள்ளே போய்ப் பாக்கிப் பேரேட்டை எடுத்து, தவணை தாண்டியவர்கள் பெயரை மட்டும் ஒரு தடவை பார்க்கிறேன். இரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகிறது. கொடி நன்றாக இருக்கிறது. பாக்கியும் முன்னைப் போல் ஏறுவதில்லை. முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். ஆனால் கொடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் ஒன்பது மணிக்குத் திறந்த கடையை எட்டரைக்கே திறக்கிறேன் என்றால், அதை ஒத்துக் கொள்கிறேன்.

இலையைக் கைக்குள் மறைத்த அந்த நண்பர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு வார்த்தை: அண்ணாச்சி, அது அடியிலை, பழுக்கத்தான் செய்யும். பயப்படாமல் கிள்ளிப் போடுங்கள். ஆனால் அன்றைக்கு உங்கள் மேஜையில் கிடந்த பாக்கிச் சிட்டையில் ஆறு மாதம் தாண்டிய பெயர்கள் சில கண்ணில் பட்டன. அவற்றை ஒரு தடவை பாருங்கள்.